பொறந்தவனுக்கு ஒரு கார்டு

சௌந்திரம் அந்த ஐப்பசியில் இரண்டு பிழைப்புப் பிழைத்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் அதுவரை உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. ஒன்று, வேலை தேடுவது. அது ஊருக்கே தெரியும். இன்னொன்று, கதை எழுதுவது. அது அவளுக்கும், டிரங்குப் பெட்டிக்கடியில் கிடந்த, பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய நான்கு கதைகளுக்கும் மட்டுமே தெரியும்.

பி.ஏ. முடித்து மூன்று வருஷம். சேலம் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து, மறக்காமல் புதுப்பித்து, ஆறு இன்டர்வியூவுக்குப் போய் வந்தாயிற்று. ஆறிலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பற்றிக் கேட்டதைவிட அவளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டதுதான் அதிகம். ஏழாவது கார்டு வந்தபோது அவள் அப்பா சென்னிமலை, எருமைக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டே கணக்கைத் தீர்த்துவிட்டார்.

"அம்மிணி, இதுதான் கடைசி. கெடச்சா வேலைக்குப் போ, நான் தடுக்கல. கெடைக்கலீனா தையில கண்ணாலம். அதுக்கப்பறம் ஒரு பேச்சும் பேசப்படாது."

மாப்பிள்ளையைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. மல்லசமுத்திரத்தில் தாய்மாமன் மணியன் இருக்கிறார், அவர் மகன் குழந்தைவேல் போர்வெல் லாரி ஓட்டுகிறான். நல்லவன். கல்யாணத்துக்கு நல்லவன் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். சௌந்திரத்துக்குப் போதவில்லை, அதற்கு அவன் என்ன செய்வான், பாவம். அவளுக்கு வேண்டியிருந்தது சேலத்தில் ஒரு வேலை, ஒரு அறை, அந்த அறையில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மேசை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சேலத்தில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் அந்த மேசை கிடைக்கும் அல்லது கிடைக்காது.

அதே மாதக் கடைசியில் ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கும் கடைசித் தேதி வந்து நின்றது. வந்தால் எல்லாம் சேர்ந்துதான் வரும்.

அவள் கதை எழுதும் முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெள்ளைத்தாளை விரித்து உட்கார்ந்தால் அந்த வீட்டில் "என்ன எழுதறே?" என்று ஒரு கேள்வி வரும். போஸ்ட் கார்டில் எழுதினால் வராது. கார்டு என்றால் வேலைக்கு எழுதுகிறாள் என்று அர்த்தம். அப்பாவே புதுச்சத்திரம் தபாலாபீஸிலிருந்து கட்டாக வாங்கி வந்து கொடுத்திருந்தார். ஆகவே சௌந்திரம் கதையையும் கார்டிலேயே எழுதினாள், ஒரு கார்டுக்கு ஒரு காட்சி. கார்டில் அடங்காத காட்சி கதைக்குத் தேவையில்லாத காட்சி என்று அதற்கு ஒரு கொள்கை வேறு வைத்துக்கொண்டாள். கொள்கையாவது ஒன்றாவது, பயம்தான்.

இந்தத் தடவை எழுதியது ஒரு சாவுக் கதை. வெளியூரில் இன்டர்வியூவுக்குப் போன பெண், அவள் திரும்புவதற்குள் ஊரில் செத்துப்போகும் அம்மா. அந்தப் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டுக்கு ஆள் போய் நேரில் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவன் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு வந்து போர்த்தினால்தான் பாடை நகரும். கார்டு போட்டுச் சொல்வது என்பது, பிறந்தவனைக் கூப்பிட்டுக் கன்னத்தில் அறைவதற்குச் சமானம். கதையில் வரும் அப்பா அதைத்தான் செய்கிறார், மச்சானுக்குக் கார்டு போடுகிறார். இருந்தபோது மதிக்காத வீடு செத்த பிறகும் மதிக்கவில்லை என்பதை அந்த ஒரு கார்டிலேயே காட்டிவிடலாம் என்று சௌந்திரம் நினைத்தாள். நினைப்பு நன்றாகத்தான் இருந்தது. எழுதினால் வரவில்லை. ஏழு தடவை எழுதியும் சாவு சாவாக இல்லை. கதையில் அந்த அம்மாவுக்கு ராசம்மாள் என்று பேர். எந்த ராசம்மாளோ செத்தால் யாருக்கு அழுகை வரும்?

திங்கட்கிழமை மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். புதுக் கார்டு ஒன்றை எடுத்து, மல்லசமுத்திரத்து மாமாவின் விலாசத்தை எழுதினாள். ராசம்மாளுக்குப் பதிலாகத் தன் அம்மா பாப்பாயியின் பேரைப் போட்டாள். கீழே அப்பாவின் பேரைப் போட்டாள். ஏழு தடவையாக வராத வாக்கியம் இரண்டு பேருக்கும் நடுவில் தானாக வந்து விழுந்தது. சௌந்திரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பேரை நகல் எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று கார்டைச் சுவர் மாடத்தில், மற்றக் கார்டுகளோடு வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

மறுநாள் சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்க அவள் நாமக்கல் போக வேண்டியிருந்தது. இரண்டு அலுவலகங்களுக்கு எழுதிய விசாரணைக் கார்டுகளும் அதே மாடத்தில் இருந்தன. "மாடத்துல ரெண்டு கார்டு இருக்குதுங்கம்மா, தபால்காரர் வந்தாக் குடுத்துருங்க" என்று பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே சொன்னாள். பாப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. கார்டுக் கட்டை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"வெலாசமில்லாததெல்லாம் செல்லாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு அம்மிணி. வெலாசமிருந்தத எடுத்துக்கிட்டாரு" என்று சாயங்காலம் சொன்னாள். சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. தன் கதைக் கார்டுகளைத் தபால்காரர் தீர்த்தகிரியும் திருப்பி அனுப்பிவிட்டார், பத்திரிகைக்காரர்களோடு சேர்த்து அவரும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பி வந்தவற்றை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. இன்டர்வியூ தலைக்கு மேல் நின்றது. தீர்த்தகிரி விலாசத்தைப் பார்ப்பாரே தவிர விஷயத்தைப் படிக்க மாட்டார், அது அவருடைய ஒழுக்கம். அன்றைக்கு மட்டும் அவருடைய ஒழுக்கம் கெட்டிருக்கக் கூடாதா? செத்தவளே தன் சாவுக் கார்டைக் கையில் கொடுப்பதைப் பார்த்து அங்கேயே அலறியிருப்பார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு சௌந்திரம் தலைவாரி, இஸ்திரி போட்ட சேலை கட்டி, பையில் சர்டிபிகேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு முக்கால் மைல் நடக்க வேண்டும். அப்போது வாசலில் லாரி வந்து நின்றது. நிற்பதற்கு முன்பே ஒப்பாரி கேட்டது.

"அய்யோ, என்னப் பெத்த மவராசி! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே!"

மாமாவின் மனைவி மயிலம்மாள் அத்தையின் குரல். தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு அத்தை முதலில் வந்தாள். பின்னால் மணியன் மாமா வந்தார். சட்டை இல்லை, தோளில் துண்டு. இரண்டு கையிலும் ஏந்தியபடி ஒரு புதுச் சேலையும் பூமாலையும். ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய குழந்தைவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே!" மாமா வாசலிலிருந்தே கத்தினார். "என்ற பொறந்தவ செத்ததுக்கு எனக்குக் கார்டா போடறே? ஆள் உட வக்கில்லாமப் போயிட்டயா? நீயே எல்லாத்தயும் முடிச்சுக்கிட்டயா? என்ற தங்கச்சி மூஞ்சிய நான் பாக்க வேண்டாமா?"

கட்டுத்தறியிலிருந்து பால் சொம்போடு பாப்பாயி வெளியே வந்தாள்.

மயிலம்மாள் அத்தை பாதி ஒப்பாரியில் நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு "ஆத்தாடி!" என்று ஒரு வீறிடல், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாமா நகரவில்லை. அவர் கையிலிருந்த மாலை மட்டும் நழுவிக் காலடியில் விழுந்தது.

பாப்பாயி அண்ணனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த சேலையைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனால் அந்தச் சேலையை வாசிக்கத் தெரியாத பெண் அந்தப் பக்கத்தில் கிடையாது. பிறந்தவன் கோடி எடுத்து வந்தால் கூடப் பிறந்தவளுக்குத்தான். மணியனுக்குத் தங்கை ஒருத்திதான்.

"அண்ணா," என்றாள் மெதுவாக, "எனக்கா?"

சௌந்திரம் ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்தாள். கார்டு என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே அவள் உள்ளே திரும்பினாள். மாடத்துக்கு ஓடிப் போய்க் கட்டை எடுத்துப் புரட்டினாள். திங்கட்கிழமைக் கார்டு இல்லை. திரும்பப் புரட்டினாள். இல்லவே இல்லை.

வெளியே மாமா தங்கையின் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அப்பா, "ஆரு போட்ட கார்டு? எங்க அது, குடுங்க மச்சான்" என்று குதித்தார்.

"சாவுக் கடிதாசிய ஆராச்சும் வச்சிருப்பாங்களா? வாசல்லயே கிழிச்செறிஞ்சாச்சு" என்றார் மாமா. "நேத்துச் சந்தைக்குப் போயிட்டுப் பொழுதோடதான் வந்தேன். இவந்தான் படிச்சான். லாரிய இன்னொருத்தன் வெளியூருக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருந்தான், அது வாரதுக்குள்ள விடிஞ்சு போச்சு. என்னடா எழுதியிருந்துச்சு, சொல்லுடா."

குழந்தைவேல் தலையைக் குனிந்தபடி ஒப்பித்தான். அவனுக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

"'மச்சானுக்கு, தங்கள் தங்கை பாப்பாயி விடியற்காலை காலமாகிவிட்டாள். மூன்று மாதமாக வயிற்றில் வலி இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மாட்டைக் கறந்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள். காரியங்களை நாங்களே முடித்துக்கொண்டோம். இப்படிக்கு, சென்னிமலை.'"

"நானா?" அப்பாவுக்கு முகம் கறுத்தது. "என்ற பேரையே நான் எழுத்துக் கூட்டித்தான் போடுவேன், நான் கார்டு எழுதுவனா? தெரிஞ்சு போச்சு. இது ஆரு பண்ணுன வேலைன்னு தெரிஞ்சு போச்சு. கெணத்துத் தண்ணி மொறைக்குப் போன மாசம் சண்ட போட்டான் பாரு, அந்தச் சென்னியப்பன். அவன் மகன் நல்லா எழுதுவான். உசுரோட இருக்கறவளுக்கு எழவு சொல்லியிருக்கறானா பங்காளி? இன்னிக்கு அவன் ஊட்டுல நெசமாவே எழவு உழுகுது பாரு."

சுவரில் சாத்தியிருந்த மம்முட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். மாமாவும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

சௌந்திரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார்டு கிழிந்துவிட்டது. கையெழுத்து மல்லசமுத்திரத்துக் காற்றில் போய்விட்டது. அவள் வாயைத் திறக்காமல் புழக்கடை வழியாகப் போனால் ஏழே முக்கால் பஸ் கிடைக்கும், பத்து மணிக்கு இன்டர்வியூ, ஒருவேளை வேலையும் கிடைக்கும். யாருக்கும் ஒருநாளும் தெரியாது. வாயைத் திறந்தால் வேலையும் போச்சு, கதையும் போச்சு, தையில் கல்யாணம். இவ்வளவும் அவள் மனத்தில் ஒரு நொடியில் ஓடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நொடி கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

"அப்பா, நில்லுங்க!" அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். "நாந்தாங்க எழுதுனேன்."

ஒருவருக்கும் புரியவில்லை. "எதை?" என்றார் அப்பா.

"அந்தக் கார்டை. கதைக்கு எழுதுனதுங்க. கதையில ஒரு அம்மா செத்துப்போறாங்க. சாவு சரியா வரலீன்னு அம்மா பேரப் போட்டு எழுதிப் பாத்தேன். மாடத்துல வச்சிருந்தது தபாலுக்குப் போயிருச்சுங்க."

அப்பா மம்முட்டியைக் கீழே போட்டார். திரும்பி வந்தார். கன்னத்தில் விட்ட அறையில் சௌந்திரத்துக்குக் கண் இருட்டியது. பிறந்ததிலிருந்து அவர் அவளைத் தொட்டு அடித்ததில்லை. அடித்துவிட்டு அவரும் திகைத்துப்போய் நின்றார்.

"கதையா? பெத்தவளச் சாகடிச்சு ஒரு கதையா? இத்தன நாளும் வேலைக்கு எழுதறீன்னுதான கார்டு வாங்கியாந்து குடுத்தேன்?"

மாமா கையில் கோடிச் சேலையோடு, மருமகளாக வரப்போகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைவேல்தான் பேசினான். பேச வேண்டாத நேரத்தில் பேசுவதற்கென்று ஒருவன் எல்லா வீட்டிலும் இருப்பான்.

"ஆனா மாமா, எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. படிக்கறப்ப எனக்கே அழுகை வந்துருச்சு."

சௌந்திரம் எழுதியதை நன்றாயிருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கன்னத்தில் அப்பாவின் கைத்தடத்தோடு கேட்க வேண்டியிருந்தது.

"போவப்படாது. இன்டர்வியூவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று அப்பா உள்ளே போனார். மாடத்திலிருந்த கார்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு அடுப்பைப் பார்த்து நடந்தார்.

"சித்தெ நில்லுங்க" என்றாள் பாப்பாயி.

குழந்தைவேல் கார்டை ஒப்பித்ததிலிருந்து பால் சொம்பைக் கீழே வைக்காமல் அதே இடத்தில் நின்றிருந்தாள். தன் பேரில் சாவு எழுதிய கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் முகத்தில் கோபம் இல்லை. களவு போன வீட்டுக்காரியைப் போல மகளைப் பார்த்தாள்.

"உனக்கு ஆரு சொன்னா?"

"எதைங்கம்மா?"

"மூணு மாசம்னு."

சௌந்திரத்துக்கு விளங்கவில்லை. "அது சும்மா எழுதுனதுங்கம்மா. கதைக்கு."

"நான் ஆருகிட்டயும் சொல்லலியே. ஒங்கொப்பன்கிட்டகூடச் சொல்லலியே. ஆடி நோம்பிக்கு மறுநாளு ஆரம்பிச்சுது. கறக்க உக்காந்தா எந்திரிக்க முடியறதில்ல. கெணத்துமேட்டுல போயி ஒக்காந்து வலி போன பொறவுதான் ஊட்டுக்கு வாரேன். ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஆடி, ஆவணி, புரட்டாசி. சௌந்திரம் விரலை மடக்காமலே எண்ணினாள். மயிலம்மாள் அத்தை அழவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

சௌந்திரம் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். தெரிந்துதான் இருந்தது. அம்மா சோற்றைப் பாதியில் மூடி வைப்பதைப் பார்த்திருந்தாள். கூடையைத் தூக்கும்போது ஒரு கை விலாவுக்குப் போவதையும், சேலைத் தலைப்பை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதையும் பார்த்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்து, கதைக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். "என்னங்கம்மா பண்ணுது?" என்று கேட்கத் தோன்றவில்லை. எட்டுத் தடவை எழுதிப் பார்த்தவளுக்கு ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. அப்பா அடித்த அடி இப்போதுதான் அவளுக்கு வலித்தது.

மாமா கையிலிருந்த சேலையைப் பாம்பைப் பிடித்திருந்தவர் மாதிரி உதறி வேலியோரம் எறிந்தார். "ஏறு வண்டியில" என்றார் தங்கையிடம்.

லாரியின் முன்னால் குழந்தைவேலுக்குப் பக்கத்தில் பாப்பாயியும், ஓரத்தில் சௌந்திரமும் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அத்தை, எருமைக்குத் தண்ணீர் வைக்க ஆள் வேண்டுமே என்று அங்கேயே நின்றுவிட்டாள். சேலத்துக்குள் நுழைந்து ஒரு முக்கில் குழந்தைவேல் வண்டியை ஓரங்கட்டினான்.

"கூட்டுறவு ஆபீசு இந்த ரோட்டுல கொஞ்சம் உள்ள போவோணும். மணி ஒம்பதரைதான் ஆவுது. எறங்கிக்கோ. அத்தைய நாங்க பாத்துக்கறோம்."

"எறங்கு சாமி" என்றாள் பாப்பாயி. "நான் எங்க போயிரப் போறேன்?"

சௌந்திரத்தின் மடியில் பை இருந்தது. பையில் ஏழாவது இன்டர்வியூ கார்டு இருந்தது. கதவுப் பிடியில் கையை வைத்தாள். கதையில் வரும் பெண் இன்டர்வியூவுக்கு இறங்கிப் போகிறாள். அந்தக் காட்சியை அவள் நன்றாக எழுதியிருந்தாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போவதற்குள் மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது. டாக்டரம்மா பாப்பாயியைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கினார். ஓர் இடத்தில் கை நின்றது. இன்னொரு தடவை அமுக்கினார். பக்கத்து அறையிலிருந்து பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் அதே இடத்தில் அமுக்கினார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். சௌந்திரத்துக்கு பி.ஏ. படித்ததற்கு முதல்முதலாக வருத்தம் வந்தது, பாதி புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பாப்பாயி மகளைப் பார்த்தாள்.

"மூணு மாசமா" என்றாள் சௌந்திரம்.

"மூணு மாசமா உங்க வீட்ல யாருமே இவங்களப் பாக்கலியா?"

அட்மிஷன் சீட்டை எழுதிக் கொடுத்து, கட்டில் காலியாகும்வரை வெளியே உட்காரச் சொன்னார்கள். அப்பாவும் மாமாவும் சீட்டை எடுத்துக்கொண்டு எங்கோ கையெழுத்து வாங்க ஓடினார்கள். கோபமெல்லாம் போய் இரண்டு பேரும் குழந்தைகள் போல ஆகியிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். எதிர்ச் சுவரில் கடிகாரம் பதினொன்றேகாலைக் காட்டியது. அங்கே அலுவலகத்தில் அவள் பேரைக் கூப்பிட்டு, ஆளில்லை என்று கோடு போட்டிருப்பார்கள்.

பாப்பாயி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

"அந்தக் கதையில, நாஞ் செத்ததுக்கு மக வந்தாளா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். கதைதானே. சௌந்திரத்துக்கு முடியவில்லை.

"இல்லீங்கம்மா. அன்னிக்கு அவளுக்கு இன்டர்வியூ."

அம்மாவின் முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று சௌந்திரம் பயந்து பயந்து பார்த்தாள். தெரியவில்லை.

"வேல கெடச்சுதா?"

"அதுவரைக்கும் இன்னும் எழுதலீங்கம்மா."

"கெடச்சுதுன்னு எழுது" என்றாள் பாப்பாயி. "நாஞ் செத்ததுக்கு அதாச்சும் ஆவட்டும்."